தபால்காரரை மிரட்டும் சட்டம்

உறைக்குள் மிரட்டல் கடிதம் இருந்ததற்காக அதைக் கொண்டுவந்த தபால்காரரைச் சிறையில் அடைப்பது நியாயம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால், இணையத்தில் அதே வேலையை ஊதியமின்றிச் செய்யும் தன்னார்வலர்களின் தலைமீது இந்தக் கத்தி எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

'டோர்' என்பது இணையத்தில் ஒருவர் தம் அடையாளத்தை வெளிப்படுத்தாமல் படிக்கவும் எழுதவும் உதவும் வலைப்பின்னல். ஒரு செய்தி பல அடுக்கு மறைகுறியீட்டுடன் மூன்று சர்வர்களைக் கடந்து செல்கிறது. முதல் சர்வருக்கு அனுப்பியவர் தெரியும். அது போய்ச் சேருமிடம் தெரியாது. கடைசிச் சர்வருக்குச் சேருமிடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. உலகெங்குமுள்ள இத்தகைய பல ஆயிரம் சர்வர்களைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே தங்கள் கைப்பணத்தில் நடத்துகிறார்கள்.

இவர்களில் கடைசிச் சர்வரை நடத்துபவரின் நிலைதான் கொடியது. எவரோ செய்த குற்றத்தின் தடத்தில் பதிவாவது அவருடைய முகவரியே. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 2014ஆம் ஆண்டு, இத்தகைய சர்வரை நடத்திய இளைஞரைப் பிறர் செய்த குற்றத்துக்கு உடந்தை என்று நீதிமன்றம் தண்டித்தது. 2017 ஏப்ரலில் மாஸ்கோவில் ஒரு கணித ஆசிரியர் கைது செய்யப்பட்டார். கலவரத்தைத் தூண்டும் பதிவுகள் அவருடைய இணைய முகவரியிலிருந்து வந்தன என்பது குற்றச்சாட்டு. மாதக்கணக்கில் சிறையும் வீட்டுக்காவலும் அனுபவித்த பிறகே அவர்மீதான வழக்கு கைவிடப்பட்டது.

இந்தியாவில் நிலைமை என்ன? 2022 ஏப்ரல் 28 அன்று ஒன்றிய அரசின் கணினி அவசரநிலை அமைப்பான 'செர்ட்-இன்' ஒரு கட்டளை பிறப்பித்தது. சர்வரை வாடகைக்கு விடும் நிறுவனங்களும் வி.பி.என். நிறுவனங்களும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், எதற்காக வாடகைக்கு எடுத்தார் என்ற காரணம் ஆகிய அனைத்தையும் ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாட்கள் காக்க வேண்டும். மீறினால் ஓராண்டு வரை சிறை. உடன்படாதவர்கள் நாட்டைவிட்டுப் போகலாம் என்றார் அன்றைய இணையமைச்சர். சில பெரிய வி.பி.என். நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை அகற்றிக்கொண்டு போயும் விட்டன. நிறுவனம் போய்விடலாம், இந்நாட்டின் தன்னார்வலர் எங்கே போவார்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு, செய்தியைக் கடத்தும் இடைநிலையாளர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. தன்னார்வலரும் அதில் அடங்குவார் என்று நீதிமன்றத்தில் வாதிடலாம். ஆனால் நீதிமன்றத்துக்கு முன்னால் காவல் நிலையம் இருக்கிறது. பறிமுதலான கணினி இருக்கிறது. போகும் வேலை இருக்கிறது.

குற்றவாளிகளும் இதைப் பயன்படுத்துகிறார்களே என்று அரசு கேட்கும். உண்மை, பயன்படுத்துகிறார்கள். சாலையையும் தொலைபேசியையும் அவர்கள் பயன்படுத்துவதுபோலவே. ஆனால் மறைவு என்பதையே வெறுக்கும் ஆட்சியா இது? அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று 2015இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று அதை ஒருமனதாக நிராகரித்தனர். அதே அரசு, தேர்தல் பத்திர வழக்கில் நன்கொடையாளரின் அந்தரங்கத்துக்காக உருகியது. அந்தத் திட்டம் 2024 பிப்ரவரி 15 அன்று செல்லாது என்று அறிவிக்கப்படும்வரை கார்ப்பரேட்டுகளின் பெயர்களுக்குத் திரை போட்டுக் காத்தது. கோடிகளைக் கொடுப்பவருக்குத் திரை. முதலாளியின் மோசடியை அம்பலப்படுத்தும் தொழிலாளிக்கு ஐந்தாண்டுப் பதிவேடு! இதுதான் இவர்களின் வர்க்க நியாயம்.

அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்து, அமெரிக்க அரசின் நிதியில் வளர்ந்த தொழில்நுட்பத்தை இடதுசாரிகள் ஏன் ஆதரிக்க வேண்டும் என்று இயக்கத்திற்குள்ளேயே கேள்வி எழலாம். நியாயமான கேள்வி. வாஷிங்டன் இதைத் தன் உளவாளிகளுக்காகவே விரும்பியது. ஆனால் உளவாளிகள் மட்டும் பயன்படுத்தினால் பார்த்த மாத்திரத்தில் பிடிபட்டுவிடுவார்கள். தன் ஆட்களை மறைக்க ஏகாதிபத்தியத்துக்கே ஒரு கூட்டம் தேவைப்பட்டது. தனியொருவர் தன்னை மறைத்துக்கொள்ள முடியாது. பலர் சேர்ந்தால்தான் ஒவ்வொருவரும் மறைய முடியும். மென்பொருளின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது, எவரும் ஆராயலாம். உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சர்வர்களில் பெரும்பகுதி ஜெர்மனி, அமெரிக்கா போன்ற சில நாடுகளில், சில நிறுவனங்களின் கட்டடங்களில் குவிந்துள்ளது. மற்ற நாடுகள் ஒதுங்கி நிற்பது அந்தக் குவிப்பையே வலுப்படுத்தும்.

வழி என்ன? அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், லெபனான் என்னும் சிற்றூரின் கில்ட்டன் பொது நூலகம் 2015இல் ஒரு டோர் சர்வரைத் தொடங்கியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை உள்ளூர்க் காவல்துறையை உசுப்பியது, சர்வர் நிறுத்தப்பட்டது. செப்டம்பரில் ஊர்மக்கள் நூலக நிர்வாகக் குழுவின் கூட்டத்துக்குத் திரண்டு வந்து ஆதரவு தெரிவித்தனர். சர்வர் மீண்டும் இயங்கியது. தனிமனிதரை மிரட்ட ஒரு காவலர் போதும். ஊரே நின்றால் அரசும் யோசிக்கும்.

1934 முதல் 1942 வரை கம்யூனிஸ்ட் கட்சி இந்நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்தது. அந்நாட்களில் கடிதங்களையும் துண்டறிக்கைகளையும் கைமாற்றிக் கொண்டுசேர்த்தவர்கள் பலரின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை. அவர்களின் மரபில் வந்த இயக்கம், செய்தியைக் கடத்துவோரைப் பாதுகாக்கும் கோரிக்கையை முன்னெடுக்கக் கடமைப்பட்டது. 2022 கட்டளை திரும்பப் பெறப்பட வேண்டும். தன்னார்வலர்களுக்கு 79ஆவது பிரிவின் பாதுகாப்பு ஐயத்திற்கு இடமின்றி எழுதப்பட வேண்டும். பல்கலைக்கழகங்களும் பொது நூலகங்களும் இந்தச் சர்வர்களை நடத்த முன்வர வேண்டும். தொழிற்சங்கங்களும் மாணவர், வாலிபர் அமைப்புகளும் இக்கோரிக்கைகளைக் கையிலெடுக்கட்டும். தன்னந்தனியராகத் தபால் சுமக்கும் தன்னார்வலருக்குப் பின்னால் ஓர் இயக்கம் நிற்கட்டும்!