ஒத்திகையும் இசை நாடக மீட்பும்

கொடைரோடு வட்டாரத் திருவிழாக்களில் இசை நாடகம் என்றால் பெரும்பாலும் ‘வள்ளி திருமணம்’ என்றே பொருள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய ‘அபிமன்யு சுந்தரி’, ‘சீமந்தனி’ போன்றவை மேடையேறுவது அரிது. இதனை மக்கள் சுவையின் மாற்றம் என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது.

ஸ்பெஷல் நாடகத்திற்கு நிலையான குழு இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக் கலைஞர் எனத் தனித்தனியே பேசி அழைக்கப்படுவோர் அன்றிரவு மேடையில்தான் ஒன்றுகூடுகின்றனர், ஒத்திகை கிடையாது. எதிர் நிற்பவர் எப்பாட்டை எடுத்தாலும் விடையிறுக்க, அனைவருக்கும் பாடமான நாடகமே கைகொடுக்கும். (விடியும்வரை இவ்வாறு தருக்கம் நிகழ்த்துவது எளிய புலமையன்று.) எனவே அரிய நாடகம் மேலும் அரிதாகிறது.

சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையோ சிறுவர்களை உடன்வைத்துப் பயிற்றி, ஊர் ஊராகச் சென்ற குழு. ‘அபிமன்யு சுந்தரி’ அச்சிறுவர்களுக்காகவே எழுதப்பட்டது. புதிய நாடகத்தைப் பாடமாக்க அங்கே நாள் இருந்தது. பாய்ஸ் கம்பெனிகளின் கடுமை நமக்கு வேண்டா, ஒத்திகை வேண்டும். நாடகப் பதிப்புகளுக்குச் செலவிடும் நல்கையில் ஒரு பகுதியேனும், மேடை ஓய்ந்திருக்கும் மழைக்காலத்தில், நடிகர்க்கும் ஆர்மோனியக் கலைஞர்க்கும் ஒத்திகை ஊதியமாகச் சேர வேண்டும்.