ஞாயிறு காலையை அந்தப் பிள்ளைகளுக்கு விட்டுக் கொடுப்போம்

அன்பான ஊர் மக்களே, பெற்றோர்களே, டியூஷன் நடத்தும் சேர்மாரே, டீச்சர்மாரே,

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

புத்தளம், கற்பிட்டிப் பக்கம் நம்மோடு சேர்ந்து வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் பற்றித்தான் எழுதுகிறேன். நம்ம டியூஷன் கிளாஸ்களில் அவர்களும் படிக்கிறார்கள், சில இடங்களில் நம்ம பாடசாலைகளிலும் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிறு காலை பூசையும் மறைக்கல்வியும் ஒரே நேரத்தில் வருகிறது. நம்ம டியூஷனும் அதே நேரத்தில்தான்.

மறைக்கல்வி என்றால் என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியாது. நம்ம மத்ரஸா போலத்தான். வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் படிப்பிக்கிறார்கள், பரீட்சையும் வைக்கிறார்கள். சின்ன வயதில் முதல் நன்மை, பிறகு உறுதிபூசுதல் என்று படிப்படியாகத் தயார்படுத்துகிறார்கள். படிப்பிப்பவர்களில் அநேகர் சம்பளம் வாங்காத இளைஞர், யுவதிகள். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த கத்தோலிக்க நண்பர்கள் சிலரும் அப்படித்தான். கிழமை முழுக்க லெக்சர், அசைன்மென்ட் என்று ஓடிவிட்டு, சனிக்கிழமை இரவு உட்கார்ந்து அடுத்த நாள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் படம் வரைந்து கொண்டிருப்பார்கள்.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். நம்ம பிள்ளைக்கு வாரத்தில் நாலைந்து நாள் அஸருக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸா இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருக்கிறது. ரமழானுக்கு முஸ்லிம் பாடசாலைகளுக்கே லீவு. கத்தோலிக்கப் பிள்ளைக்கு வாரத்தில் இருப்பது ஒரே ஒரு காலை, அதுவும் இரண்டு மூன்று மணித்தியாலம். அதிலும் மெட்ஸ் கிளாஸை வைத்துவிட்டால், ஆறாம் ஆண்டிலிருந்து ஓ.எல். வரை ஆறு வருஷம் அந்தப் பிள்ளை எங்கே போய்த் தன் மார்க்கத்தைப் படிக்கும்?

வெள்ளிக்கிழமை பகல் 12 மணிக்கு யாராவது டியூஷன் வைத்தால் இந்த ஊர் விடுமா? பள்ளி நிருவாகம் உடனே கூப்பிட்டுப் பேசும். பேசத்தான் வேண்டும். நமக்கு அது உரிமை என்றால் அவர்களுக்கும் அது உரிமைதான். அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுக்கவில்லை. ஞாயிறு காலை டியூஷனை நிறுத்தச் சொல்லி தஹம் பாசல் நடத்தும் பிக்குமாரும் கத்தோலிக்க குருமாரும் பல வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். சட்டம் வந்துதான் நாம் செய்ய வேண்டுமா?

சிலர் கேட்பார்கள்: "அவர்கள் மதத்தை வளர்க்க நாம் ஏன் உதவ வேண்டும்? இது மார்க்கத்துக்குச் சரியா?" நான் ஆலிம் இல்லை. ஆனால் சூரா அல்ஹஜ்ஜின் 40ஆவது வசனத்தை எடுத்துத் தர்ஜுமாவோடு ஓதிப் பாருங்கள். அங்கே பள்ளிவாசலோடு சேர்த்து மடாலயங்களும் கிறிஸ்தவ ஆலயங்களும் எதற்காகச் சொல்லப்படுகின்றன என்று உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனா வந்தபோது நபி (ஸல்) அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதும் சீறா நூல்களில் இருக்கிறது. பூசைக்குப் போகவோ, அவர்களின் பாடத்தை நாம் படிப்பிக்கவோ நான் சொல்லவில்லை. அவர்களுடைய நேரத்தை அவர்களுக்கு விடச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடையில் அந்தோனியார் கோயில், நீர்கொழும்பில் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம். சீயோன் கத்தோலிக்க ஆலயம் அல்ல, ஆனால் அங்கே மௌத்தானவர்களில் ஞாயிறு வகுப்புக்கு வந்த சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு நாம் பட்டதும் நமக்குத் தெரியும். அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் நம்ம உலமாக்களை ஒதுக்கிவிட்டு, மூடிய அறையிலும் வீடியோவிலும் மார்க்கத்தைத் தேடியவர்கள். நல்ல உஸ்தாதிடம், ஊர் பார்க்க, முறையாக மார்க்கம் படித்த பிள்ளை அந்த வழிக்குப் போவது கஷ்டம். நம்ம பிள்ளைக்கு இது எவ்வளவு அவசியமோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அவ்வளவு அவசியம். ஐஸ் வரை ஊருக்குள் வந்துவிட்ட காலம் இது. ஒரு பிள்ளையை "எங்கே போனாய், ஏன் வரவில்லை" என்று கேட்க ஒரு ஃபாதரோ, சிஸ்டரோ, மறையாசிரியரோ இருப்பது முழு ஊருக்கும் பாதுகாப்பு.

டியூஷன் நடத்துபவர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். நான் மூடினால் பிள்ளைகள் அடுத்த கிளாஸுக்குப் போய்விடுவார்கள் என்பது நியாயமான பயம்தான். அதனால்தான் ஒருவரை மட்டும் கேட்கவில்லை, எல்லோரையும் சேர்த்துக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து மூடுகிறோம், அதனால் யாருக்கும் நட்டமில்லை. ஞாயிறும் அப்படித்தான்.

என்னுடைய யோசனைகள் இவை:

1. ஞாயிறு காலை 11 மணி வரை கிளாஸ் வேண்டாம். முடியாதவர்கள் அதே பாடத்தைச் சனிக்கிழமையோ ஞாயிறு பின்னேரமோ இன்னொரு தடவை நடத்துங்கள். வராத பிள்ளையை எல்லோர் முன்னாலும் ஏச வேண்டாம்.

2. ஓ.எல்லுக்குச் சமயம் கட்டாயப் பாடம். நம்ம பாடசாலையில் இரண்டு கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்தாலும் அவர்களின் சமயப் புத்தகத்தை மற்றப் புத்தகங்களோடு சேர்த்து ஓடர் பண்ணுங்கள். ஆசிரியர் இல்லையென்றால் அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம், பங்குத் தந்தையிடமும் பேசலாம். இஸ்லாம் பாட நேரத்தில் அந்தப் பிள்ளை பின் வாங்கில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது.

3. ஸ்போர்ட்ஸ் பிராக்டிஸ், மேலதிக வகுப்பு, சிரமதானம் எதையும் ஞாயிறு காலையில் வைக்க வேண்டாம். பெரிய வெள்ளிக்கு அரசாங்க லீவு இருக்கிறது. ஆனால் சாம்பல் புதன், பெரிய வியாழன் நாட்களுக்கு இல்லை. அன்று கோயிலுக்குப் போய்ப் பிந்தி வரும் பிள்ளையை வாசலில் நிறுத்த வேண்டாம்.

4. பள்ளி நிருவாகமும் பங்குச் சபையும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் மேலே சொன்ன எல்லாம் ஒரு மாலையில் முடிகிற வேலை.

கத்தோலிக்கப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் நேரத்தை விட்டுத் தந்தால் பிள்ளையைக் கோயிலுக்கு அனுப்புவது உங்கள் பொறுப்பு. அந்த நேரத்தில் ஃபோனோடு கட்டிலில் கிடந்தால் யாருக்கும் பிரயோசனமில்லை.

வரும் தவணைக்கான டைம்டேபிள் போட முன்னர் இதைப் பேசி முடிப்போம். டியூஷன் நடத்துபவர்கள் யாராவது முதலில் சம்மதம் சொன்னால் மற்றவர்களிடம் பேச நானும் கூட வருகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகக் கீழே எழுதுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரையும், எந்த கிளாஸின் பெயரையும் மட்டும் இழுக்க வேண்டாம்.

அல்லாஹ் நம் எல்லோருடைய பிள்ளைகளையும் நல்லவர்களாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.