துறைகளை மறைக்கும் தரவரிசை

உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையில் (என்.ஐ.ஆர்.எஃப்.) பொறியியலுக்கு இந்த முறையும் ஒரே பட்டியல்தான். சிவில், கணினி, வேதிப் பொறியியல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நிறுவனத்துக்கு ஒரே எண். 2016-ல் 4 பிரிவுகளோடு தொடங்கிய தரவரிசை 2025-ல் 17 பிரிவுகளாகப் பெருகிவிட்டது. நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்குக்கூடத் தனிப் பட்டியல் வந்துவிட்டது. துறைவாரிப் பட்டியலுக்கு மட்டும் இடமில்லை. ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியே சோதித்து அங்கீகாரம் தரும் அமைப்புதான் இந்தத் தரவரிசையையும் தயாரிக்கிறது என்பதை நினைத்தால் எரிச்சல் இரட்டிப்பாகிறது.

இது எம்.டெக். மாணவர்கள் தலையில்தான் விடிகிறது. கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு ஐ.ஐ.டி.களின் பொதுச் சேர்க்கைத் தளத்தின் முன் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு அவகாசம் குறைவு. கிடைத்த இடத்தை உறுதி செய்வதா, கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதா, மறுத்துவிட்டு அடுத்த சுற்றைப் பார்ப்பதா? அந்தத் துறையின் ஆய்வகம் எப்படி, வழிகாட்டும் பேராசிரியர்கள் யார், படித்து முடித்தவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சீனியர்களுக்குப் போன் போட்டுத்தான் விசாரிக்கிறார். அரசின் பட்டியல் தருவது நிறுவனத்தின் எண் மட்டுமே. அதில் 10 விழுக்காடு நற்பெயருக்கு. அந்த நற்பெயரும் நிறுவனத்துக்கு உரியது. பெரிய பெயரின் தயவில் சோர்ந்துபோன துறையும் மேலே நிற்கிறது. பெயர் பெறாத கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் உழைத்து உயர்ந்த துறை கண்ணிலேயே படுவதில்லை.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் வானூர்திப் பொறியியல் துறை 1942-லேயே தொடங்கிவிட்டது. கேட் தேர்வில் முன்னணியில் வருவோர் எம்.டெக். படிக்க விரும்பும் இடம் அது. பல்கலைக்கழகப் பிரிவில் அந்த நிறுவனத்துக்குத்தான் முதலிடம். பொறியியல் பட்டியலில் பெயரே கிடையாது! முதுநிலைப் பொறியியலைப் பற்றி இந்தப் பட்டியல் எதையும் சொல்லவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அப்போது தொடங்கப்படாமலே இருந்த கல்வி நிறுவனம் ஒன்றுக்கு 2018-ல் உயர்சிறப்பு அந்தஸ்து தர முன்வந்தவர்களும் இந்தத் தரவரிசையை வெளியிடும் மத்திய கல்வி அமைச்சகத்தினர்தான். 2019-ல் ஐ.ஐ.டி. எம்.டெக். கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தவும், 12,400 ரூபாய் மாத உதவித்தொகையில் கைவைக்கவும் துணிந்து, வளாகங்களில் போராட்டம் வெடித்ததும் விளக்கம் சொல்லிச் சமாளித்தார்கள். முதுநிலை மாணவர்கள் இவர்கள் கணக்கில் ஒருநாளும் இருந்ததில்லை.

துறைகளின் தரத்தையும் பெயரையும் தனியே காட்ட ஒரு வழியை இவர்கள் விரைந்து கண்டாக வேண்டும். அதுவரை இந்த எண்ணை எம்.டெக். சேர்க்கைக்கு விளம்பரமாகப் பயன்படுத்த எந்த நிறுவனத்தையும் அனுமதிக்கக் கூடாது.