'நல்ல பழக்கம்' செட் ஏன் அலமாரியிலேயே தூங்குகிறது? குழந்தைக்குப் படக்கதை தேர்வு செய்வது எப்படி?

ஜூலை என்றால் கோவை கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழா. ஆகஸ்ட் என்றால் ஈரோடு. கொங்கு மண்டலத்தின் இளம் பெற்றோர்கள் பலர் குழந்தைகளுக்கான புத்தகங்களை மொத்தமாக வாங்குவது இந்த இரண்டு மாதங்களில்தான். 'விலங்குகள்', 'உணர்ச்சிகள்', 'நல்ல பழக்கங்கள்' என்று தீம் வாரியாகக் கட்டிவைத்த செட்டுகள் கண்ணைப் பறிக்கும். வாங்கியும் விடுவார்கள். ஆனால், ஒரு வாரத்தில் அதில் பாதி அலமாரிக்குப் போய்விடும். குழந்தை மறுபடியும் மறுபடியும் கேட்பது ஒன்றோ இரண்டோதான்.

சிக்கல் எங்கே? பெரும்பாலும் நாம் தேர்வு செய்வது பெற்றோரின் கவலையை. குழந்தையின் கேள்வி அதில் இருப்பதில்லை.

இந்த வயசு ஏன் முக்கியம்?

தேசியக் கல்விக் கொள்கையில் மத்திய அரசும் தமிழ்நாடும் எதிரெதிர் பக்கம். ஆனால், ஒரு விஷயத்தில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. 3 முதல் 8 வயது வரையிலான காலத்தை அடித்தளப் பருவம் என்கிறது 2020-ல் வந்த தேசியக் கொள்கை. 8 வயதுக்குள் எல்லா குழந்தைகளுக்கும் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்பது 2022-ல் தமிழ்நாடு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் இலக்கு.

வீட்டு வாசிப்புக்கும் இதில் பங்கு உண்டு. 1988-ல் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழு வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. வெறுமனே வாசித்துக் காட்டாமல், படத்தைக் காட்டி "இவன் என்ன பண்றான்?" என்று கேட்டு, குழந்தையைப் பேசவைத்த பெற்றோரின் பிள்ளைகள், ஒரே மாதத்தில் பேச்சுத் திறனில் முன்னேறியிருந்தார்கள். அப்படியென்றால், குழந்தை பேச விரும்பும் விஷயம் புத்தகத்தில் இருக்க வேண்டும். தீம் முக்கியமாவது இந்த இடத்தில்தான்.

யானை: ஒரே தீம், மூன்று வயசு

கோவைக்குப் பொருத்தமான உதாரணம் யானை. தடாகம், தொண்டாமுத்தூர், மதுக்கரை பக்கத்துக் குழந்தைக்கு யானை ஊர்ச் செய்தி. "நேத்து ராத்திரி வந்து வாழையைச் சாப்பிட்டுப் போயிருச்சு" என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே அது வளர்கிறது. அந்தக் குழந்தையிடம் தொப்பி போட்டுப் பந்து உருட்டும் சர்க்கஸ் யானையை மட்டும் காட்டினால், அதன் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

2-3 வயதில் சத்தமும் உருவமும் போதும். அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்து, சென்னை தூலிகா பதிப்பகம் வெளியிட்ட 'கஜபதி குலபதி'யில் யானைக்குச் சளி பிடிக்கிறது, தும்முகிறது. குழந்தையும் சேர்ந்து தும்மும். நீதி எதுவும் தேவைப்படுவதில்லை.

4-5 வயதில் 'அதோட அம்மா எங்கே?' என்ற கேள்வி வரும். கூட்டம், குட்டி, காடு பற்றிய கதைகள் இப்போது பொருந்தும்.

6-8 வயதில் 'ஏன் ஊருக்குள்ள வருது?' என்று கேட்கும். மதுக்கரை வனப்பகுதியில் ரயில் மோதி யானைகள் இறப்பதைத் தடுக்க, செயற்கை நுண்ணறிவு கேமராக்கள் 2024 பிப்ரவரியில் செயல்பாட்டுக்கு வந்தன. படக்கதையை மூடிவைத்துவிட்டு இந்த நிஜக் கதையையும் எளிமையாகச் சொல்லலாம்.

கண்ணாடியா, ஜன்னலா?

குழந்தைக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று 1990-ல் எழுதினார் அமெரிக்கக் கல்வியாளர் ருடின் சிம்ஸ் பிஷப். கண்ணாடியில் தன் வாழ்க்கை தெரியும். ஜன்னல் வழியே அடுத்தவர் வாழ்க்கை தெரியும்.

நம்ம வீட்டு அலமாரியில் பத்துப் புத்தகம் இருந்தால், எத்தனையில் பனி பெய்கிறது, எத்தனையில் தென்னந்தோப்பு இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். ஜன்னல் மட்டுமே பார்த்து வளரும் குழந்தை, கதை என்பது வேறு எங்கோ, வேறு யாருக்கோ நடப்பது என்று நினைத்துக்கொள்ளும்.

இதைச் சரிசெய்ய ஒரு சின்ன வழி: புத்தகத்தில் 'பாட்டி' என்று இருந்தால் 'அம்முச்சி' என்றே வாசிக்கலாம். 'தாத்தா' அப்பாருவாகட்டும், அப்புச்சியாகட்டும்.

திருப்பூரில் இந்தக் கேள்வி இன்னும் பெரிது. பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் ஜன்னல்தான். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் பல கதைகள் தமிழ், இந்தி, ஒடியா எனப் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதையை இரண்டு மொழியில் வாசித்தால், வகுப்பில் இரண்டு குழந்தைகள் பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைக்கும்.

மரணம், புதுத் தம்பி, பயம்: இதெல்லாம் வேண்டாமா?

வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு, கடலை நண்பனாக நினைத்த ஒரு சிறுவனைப் பற்றி சந்தியா ராவ் எழுதிய 'மை ஃபிரண்ட், த ஸீ' புத்தகத்தை தூலிகா கொண்டுவந்தது. கஷ்டமான தீமையும் குழந்தை தாங்கும்; கூட ஒருவர் உட்கார்ந்து வாசித்தால் போதும்.

கவனிக்க வேண்டியது நேரம். தம்பி பிறந்து, பொறாமை வந்த பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்தால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும். சில மாதங்கள் முன்பே வாசித்திருந்தால், அது தெரிந்த கதை. 'பல் தேய்க்காத பையன்' கதையைப் பல் தேய்க்க அடம்பிடிக்கும்போது நீட்டினால், குழந்தை புத்தகத்தையே வெறுக்கும்.

கடையில் ஐந்து நிமிடச் சோதனை

• கடைசிப் பக்கத்து நீதியைக் கையால் மறைத்துவிட்டு வாசியுங்கள். மிச்சம் கதையாக நிற்கிறதா?

• எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் புரட்டுங்கள். கதை புரிகிறதா? எழுத்தில் இல்லாத ஏதாவது படத்தில் இருக்கிறதா?

• இரண்டு பக்கம் சத்தமாக வாசியுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் நாக்கு தடுக்கும் இடம் உடனே தெரியும்.

• சமைப்பது யார், வண்டி ஓட்டுவது யார்? எல்லாப் புத்தகத்திலும் ஒரே பதில் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

• செட்டாக வாங்காமல், இரண்டு நீங்கள் எடுங்கள். ஒன்றைக் குழந்தை எடுக்கட்டும். அது எடுப்பது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை.

எல்லோராலும் வாங்க முடியுமா?

முடியாது. நல்ல படக்கதை ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்குவது பல குடும்பங்களுக்குச் சாத்தியமில்லை. அதனால்தான் பொது நூலகங்களின் பங்கு பெரிது. கோவை காந்திபுரம் பகுதியில் பெரியார் பெயரிலான நூலகத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடத்தின் அளவைப் போலவே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: 3 வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், அட்டை தெரியும்படி புத்தகம் வைப்பார்களா? மடியில் உட்கார வைத்து, சத்தமாக வாசிக்க இடம் இருக்குமா?

புத்தகம் வீட்டுக்கு வந்த பிறகு, தேர்வு சரியா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான். கடைசிப் பக்கம் முடிந்ததும் குழந்தை "இன்னொருக்கா" என்று சொல்கிறதா, பாருங்கள்.