உழைக்கும் மலைக்கு இரண்டாம் பயணம்



பூர்வீக ஊரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் என்ன சொல்கிறார்கள்? கோயிலைப் பார்த்தோம், ஆற்றில் குளித்தோம், படம் எடுத்துக்கொண்டோம் என்பார்கள். பாட்டனார் எந்த வீட்டில் இருந்தார், என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் பதில் வராது. இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களிலும் உண்டு. அந்த ஊருக்கு மறுபடியும் போகிறவர் எதைக் கையில் எடுத்துப் போக வேண்டும் என்று பார்ப்போமா? பட்டு நெசவாளிகளின் ஊர் அது. கூலிக்குப் பாடுபட்டவர்களின் கதை உங்களுக்கு அந்நியமாக இராது.

லியோனில் ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் கூடுகின்றன. ஊருக்குள் இரண்டு மேடுகள். ஃபூர்வியேர் என்ற மேட்டின் உச்சியில் பெரிய மாதா கோயில் இருக்கிறது. அதை 'ஜெபிக்கும் மலை' என்பார்கள். எதிரே இருப்பது குருவா ரூஸ். அதற்கு 'உழைக்கும் மலை' என்று பெயர். முதல் தடவை வருகிறவர் மாதா கோயிலைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். ஆனால் நெசவாளிப் பாட்டனார் குடியிருந்தது அநேகமாக உழைக்கும் மலையில்தான்.

அங்குள்ள வீடுகளை நிமிர்ந்து பாருங்கள். தொழிலாளி வீடுதான், ஆனாலும் கூரை ஏறக்குறைய 4 மீட்டர் உயரம். சன்னல்களும் அப்படியே நெட்டையாக இருக்கும். வசதிக்காகக் கட்டியதல்ல. 1804-ஆம் ஆண்டில் அதே ஊர்க்காரரான ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் தறியை உருவாக்கினார். அந்தத் தறி நிற்க உயரம் வேண்டும், நூல் தெரிய வெளிச்சம் வேண்டும். வீடு தறிக்காகக் கட்டப்பட்டது. குடும்பம் மேலே பரணில் படுத்துக்கொண்டது. கணவன் நெய்ய, மனைவி நூல் சுற்ற, பிள்ளைகள் எடுபிடி வேலை செய்ய, வீடே பட்டறையாக இருந்தது.

தறி நெசவாளியுடையது, பட்டு நூல் வியாபாரியுடையது. நெய்து கொடுத்தால் கூலி. அந்தக் கூலி குறைந்துகொண்டே போனதால், 1831-ஆம் ஆண்டு அக்டோபரில் இரு தரப்பும் பேசிக் குறைந்தபட்சக் கூலி விகிதம் ஒன்றை முடிவு செய்தார்கள். வியாபாரிகள் சிலர் அதைக் கொடுக்க மறுத்தார்கள். நவம்பரில் நெசவாளிகள் கிளர்ந்தெழுந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. சில நாட்கள் நகரமே அவர்கள் கையில் இருந்தது. அப்போதும் கொள்ளை நடக்காதபடி அவர்களே காவல் காத்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் பட்டாளம் வந்தது. கூலி விகிதம் ரத்தானது. 1834-இல் மறுபடியும் எழுந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

இத்தனை பேரில் நம் பாட்டனார் யார் என்று ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் காகிதம் கைகொடுக்கிறது. பிரான்சில் 1792-ஆம் ஆண்டு முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசாங்கமே பதிவு செய்து வருகிறது. பத்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை அகர வரிசையில் பெயர்ப் பட்டியலும் உண்டு. திருமணப் பதிவு ஒன்று கிடைத்தால் போதும்: மணமக்களின் வயது, பிறந்த ஊர், தொழில், பெற்றோர் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். அடியில் கையெழுத்து இருக்கும். இல்லையென்றால், கையெழுத்துப் போடத் தெரியாது என்று சொன்னதாக எழுதியிருக்கும். பட்டாளப் பதிவேட்டில் இளைஞனின் உயரமும் கண்ணின் நிறமும்கூடக் கிடைக்கும். படமே இல்லாத ஒரு தொழிலாளியின் முகத்தில் பாதி அதிலே தெரிந்துவிடும் அல்லவா?

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மேட்டின் மேல்தளத்தில் இருந்த குருவா ரூஸ் 1852 வரை தனி ஊர். பிறகுதான் லியோனோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் அங்கே பிறந்தவரை லியோன் ஏட்டில் தேடினால் அகப்படமாட்டார். பழைய ஊர்ப் பெயர் தெரிந்தவருக்கே கதவு திறக்கும்.

பெயர், ஆண்டு, தெரு மூன்றையும் குறித்துக்கொண்டு இரண்டாம் தடவை போகிறவருக்கு அதே ஊர் வேறு ஊராகத் தெரியும். ஒரு தெருவில் நுழைந்து வீட்டுக்குள்ளாகவே இன்னொரு தெருவுக்குப் போகும் சந்துவழிகள் அங்கே உண்டு, 'திராபூல்' என்பார்கள். பாட்டனார் பட்டுச் சுருளை மழையில் நனையாமல் தோளில் சுமந்து போன வழி இதுதானே என்று நினைக்கும்போது கால் தயங்கி நிற்கும். வீடுகளில் இப்போது தறிச் சத்தம் இல்லை. நெசவாளிகளின் நினைவாக ஒரு காட்சியகம் இருக்கிறது; அங்கே தறியை இயக்கிக் காட்டுகிறார்கள். உயரமான அந்த அறைகளில் இன்று வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

வாசகர்களே, அங்கே வீடாவது மிஞ்சியது. நம் தோட்டங்களில் எத்தனையோ லயங்கள் இடிந்து, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. நமக்கு மிஞ்சக்கூடியது எழுத்து மட்டுமே. தோட்டத்துக்கு நம்மவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. கம்பெனி ஏட்டில் இருந்த பெயர் வேறு. கிராணி எழுதிய தாத்தாவின் பெயர் ஒன்று. ஊரில் கூப்பிட்ட பெயர் வேறு. இரண்டையும் அறிந்தவர் வீட்டில் உள்ள பெரியவர்தான். ரஜூலா கப்பலில் வந்தவர்களின் வாயால் கதை கேட்டவர்களும் இன்று முதியவர்களாகிவிட்டார்கள்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தாத்தா பாட்டியின் முழுப் பெயர், ஊர், வட்டம், கப்பலேறிய ஆண்டு, தோட்டத்தின் இரண்டு பெயர்கள், கங்காணி பெயர், செய்த வேலை எல்லாவற்றையும் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். பழைய பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எதையும் எறியாதீர்கள். ஊருக்குப் போகப் பணம் சேர்வதற்கு முன்னால் இதைச் செய்துவிடலாம். பணம் பிறகும் சேரும். பாட்டி சொல்லும் விவரம் பிறகு கிடைக்காது.