மண் கப்புக்கு நூறு டாலரா?

தலைப்பு என்னோடது இல்லீங்க. கூட ஆணி புடுங்குற நண்பன் கேட்டது. ஆபீஸ்ல என் மேசையில இருந்த பீங்கான் கப்பைத் தூக்கி, திருப்பி, அடியில இருந்த முத்திரையைத் தடவிப் பார்த்துட்டு விலை கேட்டான். சொன்னேன். "இந்தக் காசுக்கு ஐகியால ஒரு குடும்பத்துக்கே தட்டு, கிண்ணம் எல்லாம் வாங்கிடலாமேடா"ன்னான். கணக்கு என்னவோ சரிதான். ஆனா ஆஸ்திரேலிய பீங்கான் கலைஞர்களைப் பத்தியும், அவங்களைக் காட்டுற கேலரிகளைப் பத்தியும் பேச ஆரம்பிச்சாலே எல்லாரும் இங்கேதான் வந்து நிக்கிறாங்க. மண்ணு, தண்ணி, நெருப்பு, இதுக்கு எதுக்கு வெள்ளைச் சுவரும் ஏசியும்னு.

என் கட்சி இது: கேலரி அந்தக் கப்பை "உயர்ந்த கலை" ஆக்குறதுக்காக இல்லை. உடைஞ்சு போன மத்த கப்புகளுக்கு யாராவது காசு கொடுக்கணும், அதுக்காக.

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். சக்கரத்துல வனைஞ்சு, மெதுவா காய வெச்சு, சுமார் 1000 டிகிரியில ஒரு தடவை சுட்டு, மெருகுக் குழம்புல முக்கி, மறுபடி சூளைக்குள்ள அடுக்குறாங்க. பீங்கான்னா இரண்டாவது தடவை 1280 டிகிரிக்கு மேல போகணும். மண்ணு சுருங்கும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காட்டி கோணிக்கும். மெருகு வழிஞ்சு தட்டோட ஒட்டிக்கும். விறகுச் சூளையா இருந்தா ராத்திரி பகலா பக்கத்துலயே உக்காந்து விறகு போடணும், அப்புறம் ஆறுறதுக்கு நாள் கணக்குல காத்திருக்கணும். திறந்து பார்த்தாத்தான் ரிசல்ட். நடுவுல எரர் லாக் கிடையாது, ரோல்பேக் கிடையாது. நம்ம பில்டு ஊத்திக்கிச்சுன்னா ஒரு டீ குடிச்சுட்டு மறுபடி ஓட்டுவோம். அங்க ஒரு மாச வேலை சில்லு சில்லா வெளியே வரும்.

க்வின் ஹான்சன் பிகாட் (1935-2013) என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. பல்லாரட்ல பிறந்தவங்க. மிட்டகாங்ல இருக்கிற ஸ்டர்ட் பாண்டத் தொழிற்கூடத்துல ஐவன் மெக்மீக்கின்கிட்ட வேலை கத்துக்கிட்டு, இங்கிலாந்து போய் பெர்னார்ட் லீச், மைக்கேல் கார்டியூ மாதிரி பெரிய கைகளோட வேலை பார்த்து, ஃபிரான்ஸ்ல கொஞ்ச வருஷம் சூளை வெச்சிருந்துட்டு, 1970களில் ஊர் திரும்பினாங்க. பல வருஷம் புழங்குற பாத்திரம்தான் செஞ்சாங்க. அப்புறம் 1980களின் கடைசியில இருந்து அதே கிண்ணம், பாட்டில், டம்ளரை எல்லாம் வரிசையா, கொத்துக் கொத்தா நிறுத்த ஆரம்பிச்சாங்க. இத்தாலிய ஓவியர் மொராண்டி பாட்டில்களை வரைவாரே, அந்த மாதிரி அமைதி. தனியா பார்த்தா சமையலறைச் சாமான். சேர்த்துப் பார்த்தா, இரண்டு பாட்டிலுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி கூட அவங்க செஞ்சதுன்னு தெரியும்.

இதுல ஒரு நிறம் கொஞ்சம் மங்கினாலோ, ஒரு கழுத்து கொஞ்சம் சாஞ்சாலோ கொத்து மொத்தமும் கெட்டுப் போயிடும். அதுக்கு எத்தனை பாட்டில் சுட்டு எத்தனையை ஒதுக்கியிருப்பாங்க? மெல்பர்ன் என்ஜிவி 2005ல் அவங்களோட ஐம்பது வருஷ வேலையை ஒண்ணாச் சேர்த்து வெச்சதுக்குப் பின்னால, ஐம்பது வருஷக் குப்பைமேடும் இருக்குது. அதை யாரும் பீடத்துல வெக்கிறதில்லை.

சரி, அந்தக் குப்பைமேட்டுக்கு முன்னெல்லாம் யார் காசு கொடுத்தாங்க? பெரும்பாலும் கல்லூரிகள்தான். பீட்டர் ரஷ்ஃபோர்த் (1920-2015) நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போர்ல சிங்கப்பூர் விழுந்தப்ப ஜப்பானியர்கிட்ட பிடிபட்டு, சாங்கி சிறையிலயும் சயாம் மரண ரயில்பாதையிலயும் கிடந்தவர். (மலாயா தோட்டங்கள்ல இருந்து கூட்டிட்டுப் போகப்பட்ட நம்ம ஆளுங்க ஆயிரக்கணக்கில் செத்தது அதே பாதையிலதான்.) போருக்கு அப்புறம் பாண்டம் செய்யப் படிச்சார். 1963ல் எந்த நாட்டுக்குப் போய் மேற்கொண்டு கத்துக்கிட்டார் தெரியுமா? ஜப்பான்! இதை முதல் தடவை படிச்சப்ப கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அவர் 1951லேர்ந்து கால் நூற்றாண்டுக்கு மேல சிட்னியில ஆசிரியர். மாசம் பிறந்தா சம்பளம். அவரோட அந்த நீல மெருகு கைக்கு வர்ற வரைக்கும் எத்தனை ஜாடி வீணானாலும் வீட்டுல அடுப்பெரியும்.

அந்த ஏற்பாடு இப்போ ரொம்பவே தேய்ஞ்சு போச்சு. 2012ல் நியூ சவுத் வேல்ஸ் அரசு டேஃப் கல்லூரிகள்ல நுண்கலைப் படிப்புகளுக்கான மானியத்தை வெட்டிச்சு. படிப்பு போனா மாணவனுக்கு மட்டும் நஷ்டம் இல்லை. சொல்லிக் கொடுத்தவரோட சம்பளமும், அந்தப் பொதுச் சூளையும் சேர்ந்தே போகுது. சொந்தமா சூளை வெக்கிற காசு இருபத்தஞ்சு வயசுல எவன்கிட்ட இருக்கும்? அடிலெய்டுல ஜாம்ஃபேக்டரி 1973லேர்ந்து இந்த வேலையைத் தாங்கிட்டு வருது. பழைய ஜாம் ஆலையில தொடங்கினதால அந்தப் பேர். இளம் கலைஞர்களுக்குப் பட்டறை, பயிற்சி, விக்க ஒரு கடை, மூணும் ஒரே கூரைக்கு கீழே. வெள்ளைப் பீங்கான் விளிம்புல துருக்கறை மாதிரி ஒரு கோடு விட்டு, பழைய எனாமல் பாத்திரங்களை நினைவுபடுத்துற கிர்ஸ்டன் கொயெல்யோவும் அங்கே இருந்து வந்தவங்கதான்.

மிச்சம் இருக்கிறது கேலரிகள். சிட்னியில சபியா, கான்பெராவுல பீவர் மாதிரி, பீங்கானையும் கண்ணாடியையும் ஓரத்துல வெக்காம நடுக்கூடத்துல வெக்கிற இடங்கள். இவங்க விலையில பாதி வரைக்கும் கமிஷன் எடுப்பாங்கன்னு ஒரு பெரிய புலம்பல் உண்டு. வாடகை, விளக்கு, இன்ஷூரன்ஸ், பட்டியல் அச்சடிக்கிறது, முப்பது வருஷமா வாங்குறவங்களோட போன் நம்பர்... இதெல்லாம் சும்மா வருதா? எனக்கு அந்தக் கமிஷன்ல கோபம் இல்லை. என் குறை வேற. கமிஷன் வித்த பொருளுக்குத்தான். விக்காத பொருள், வெடிச்ச பொருள், சோதனைக்குச் சுட்ட பொருள் இதெல்லாம் முழுக்கக் கலைஞர் தலையிலதான். அதனால போன தடவை வித்ததையே இந்தத் தடவையும் செய்யத் தோணும். நல்ல கேலரிக்காரர் "வேற பண்ணிப் பாருங்க"ன்னு சொல்வார். எல்லாரும் சொல்ல மாட்டாங்க.

இங்கதான் ரமேஷ் மாரியோ நித்தியேந்திரனைச் சொல்லணும். பேரைப் பார்த்ததும் நிமிர்ந்து உக்காந்தீங்களா? நானும்தான் :-) 1988ல் கொழும்புல பிறந்து, அடுத்த வருஷமே போருக்குத் தப்பி சிட்னி வந்த குடும்பம். படிச்சது ஓவியம், பாண்டம் இல்லை. அதனாலயோ என்னவோ மண்ணைக் கண்டு பயமே இல்லை. பல தலை, பல்லை இளிக்கிற வாய், வழியவிட்ட மெருகு, தங்கப் பூச்சு, துணி இல்லாத உடம்பு. நம்ம ஊர் எல்லைக்காவல் தெய்வமும் கார்ட்டூன் பொம்மையும் ஒரே சூளையில மாட்டிக்கிட்ட மாதிரி. எனக்கு எல்லாமே பிடிக்கும்னு சொல்ல மாட்டேன். சிலது சத்தத்துக்காகவே சத்தம் போடுது. ஆனா மிட்டகாங் அமைதியில இருந்து இந்தக் கூத்துக்கு வர்றதுக்கு யாரோ இடம் கொடுத்திருக்கணும் இல்லையா? சிட்னியில சலிவன்+ஸ்ட்ரம்ஃப் கேலரி காட்டுச்சு. ஷெப்பர்டன் அருங்காட்சியகத்துல 2015ல் சிட்னி மையர் நிதியோட பீங்கான் பரிசு கிடைச்சது, 50,000 டாலர். அப்போ அவருக்கு இருபத்தேழு வயசு. 2016ல் கான்பெரா தேசிய கேலரியில 'மட் மென்'. பரிசு ஒருத்தருக்குத்தான், ஆனா அந்தப் பணம் விக்கிற பொருளுக்கான பணம் இல்லை. அடுத்த சூளையில வெடிக்கப் போறதுக்கான பணம்.

இன்னொரு பக்கம் ஹெர்மன்ஸ்பர்க். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே, ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிராவோட ஊர். மேற்கு அரேண்டா பெண்கள் 1990லேர்ந்து அங்க ஒரு கூட்டா பானை செய்றாங்க. சக்கரம் கிடையாது, மண்ணைத் திரிச்சு சுத்திச் சுத்தி ஏத்துறது. பானையைச் சுத்தி அவங்க மலையும் மரமும், மூடி மேல ஒரு கிளியோ பல்லியோ. கால்பந்து ஆட்டக்காரன் பந்துக்குத் தாவுற மாதிரி மூடி கூட உண்டு! இங்க நஷ்டத்தைக் கூட்டாத் தாங்குறாங்க. ஒருத்தி பானை வெடிச்சா அவ மட்டும் பட்டினி இல்லை. ஒவ்வொரு பானைக்கும் கீழே செஞ்சவங்க பேரும் இருக்குது. நம்ம ஊர்ல அய்யனாருக்கு ஆளுயரக் குதிரை செய்ற வேளார்களோட பேர் எத்தனை பேருக்குத் தெரியும்னு அப்போ யோசிச்சேன்.

கேலரி மேல எனக்கு நிஜமாவே எரிச்சல் ஒண்ணு உண்டுன்னா, அந்த 'தொடாதீர்கள்' பலகைதான். கப்போட எடை, உதட்டுல படுற விளிம்பு, கைப்பிடிக்குள்ள போற விரல், இதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஹெர்மன்ஸ்பர்க் பானைக்கோ நித்தியேந்திரன் சிலைக்கோ அது பரவாயில்லை. டீ குடிக்கச் செஞ்ச கிண்ணத்தை ஏன் பூட்டணும்? ஒரே ஒரு கிண்ணத்தை, தொட்டுப் பார்க்கன்னே வெளியே வெக்கலாமே. உடைஞ்சா உடையட்டும், சூளையில உடையாததா?

மெல்பர்ன்ல இருக்கிறவங்க ஒரு சனிக்கிழமை ரயில் ஏறி ஷெப்பர்டன் போயிட்டு வாங்க. 180 கிலோமீட்டர் சொச்சம், பழத்தோட்டமும் டப்பா ஆலையும் இருக்கிற ஊர். 2021ல் புதுக் கட்டிடம் திறந்தாங்க, நாட்டுல பீங்கானுக்குன்னு இருக்கிற பெரிய சேகரிப்புகள்ல ஒண்ணு அங்கதான். மேல இருந்து கீழ பார்த்துட்டு, வெளியே வர்றப்ப கடையில ஏதாவது ஒரு கப்பைக் கையில எடுங்க. விலைச் சீட்டு அடியில ஒட்டியிருக்கும், அதை அப்புறமா பார்த்துக்கலாம்.