கூடு யாருடையது?

வெற்றி பெற்ற கதைக்கு வால் முளைப்பது உலக வழக்கம். முதல் படம் ஓடினால் இரண்டாவது வரும். இரண்டாவதும் ஓடினால் மூன்றாவது வரும். இது நமக்குப் பழகிப்போன சமாசாரம். ஆனால் சில கதைகளுக்கு வாலோடு நில்லாமல், தலைக்கு முன்னால் இன்னொரு தலையும் முளைத்துவிடுகிறது! "கதாநாயகி இப்படி ஆனது எதனால் தெரியுமா?" என்று, நாம் கேளாத கேள்விக்குப் பதில் சொல்லப் புறப்படுகிறார்கள். இதற்கு முன்கதை என்று பெயர்.

முன்கதை எழுதுவது லேசான காரியம் அல்ல. கதாநாயகி சாகமாட்டாள் என்பது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். அவளோடு இப்போது சண்டை போடுகிறவன் நாளை அவளுக்கு உயிர்த் தோழனாவான் என்பதும் தெரியும். பின்னே, ரசிகரை எதைக் கொண்டு கட்டிப்போடுவது?

ஜப்பானில் 2013-ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய 'கோஸ்ட் இன் தி ஷெல்: அரைஸ்' என்ற சித்திரப் படத் தொடர், இந்தச் சங்கடத்தை எங்கே சமாளித்தது, எங்கே வழுக்கி விழுந்தது என்பதைப் பார்ப்போம்.

ஓட்டுக்குள் ஆவி

'கோஸ்ட் இன் தி ஷெல்' என்றால் 'ஓட்டுக்குள் இருக்கும் ஆவி' என்று பொருள். கூடு விட்டுக் கூடு பாய்ந்த சித்தர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. மசமுனே ஷிரோ என்பவர் 1989-ல் இதைச் சித்திரக் கதையாகத் தொடங்கினார். 1995-ல் மமோரு ஓஷீ அதைத் திரைப்படமாக எடுத்தார். 2002-ல் கெஞ்சி கமியாமா தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். யந்திரமும் மனிதனும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் எதிர்கால நகரங்களைப் பற்றிய கதைகளுக்கு 'சைபர்பங்க்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்த இனத்திலே உலகப் புகழ் பெற்றது இது.

கதாநாயகி மோட்டோகோ குசனாகி. எல்லோரும் அவளை 'மேஜர்' என்றே அழைப்பார்கள். அவளுடைய கை, கால், கண், தோல் எல்லாம் செயற்கை. மிஞ்சியிருப்பது மூளை ஒன்றுதான். அதற்குள்ளே 'ஆவி' என்று அவர்கள் சொல்லும் ஏதோ ஒன்று. அந்த மூளையும் கணினி வலையோடு இணைக்கப்பட்டது. ஆகவே, திருடன் வீட்டுக்குள் புகுவதுபோல் ஒருவன் மூளைக்குள்ளும் புகலாம். உள்ள ஞாபகத்தை அழிக்கலாம். இல்லாத ஞாபகத்தை வைத்துவிட்டும் போகலாம். இப்படிப்பட்ட குற்றவாளிகளைப் பிடிப்பதுதான் மேஜரின் 'ஒன்பதாம் பிரிவு' என்ற ரகசிய இலாகாவின் வேலை.

1995 படத்தின் கதை 2029-ஆம் ஆண்டில் நடக்கிறது. 'அரைஸ்' அதற்கு இரண்டு வருஷம் பின்னால் போய் 2027-ல் தொடங்குகிறது. பெரிய யுத்தம் ஒன்று ஓய்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஒன்பதாம் பிரிவு இன்னும் உருவாகவில்லை. 2013-லும் 2014-லுமாக நான்கு பாகங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தலைமை டைரக்டர் கசுசிக்கா கிசே, 1995 படத்திலேயே சித்திர மேற்பார்வை செய்தவர். கதை வசனம் தோ உபுகாதா. அதாவது, வீட்டை அறிந்தவர்களே வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கப் புறப்பட்டார்கள்.

புதையல் ஒன்று கிடைத்தது

தோண்டியதில் ஒரு புதையல் கிடைத்தது என்பதைத் தயங்காமல் சொல்லவேண்டும். பழைய படத்து மேஜர், "நான் உண்மையில் மனிதப் பிறவிதானா?" என்று யோசிக்கிறாள். அது தத்துவக் கேள்வி. வயிறு நிறைந்தவர்கள் கேட்கக்கூடிய கேள்வி. 'அரைஸ்' படத்து இளம் மேஜருக்கோ அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: "இந்த உடம்பு யாருக்குச் சொந்தம்?"

இந்தக் கதையின்படி, அவள் பிறப்பதற்கு முன்பே செயற்கை உடலுக்கு மாற்றப்பட்டவள். சொந்த உடம்பு என்ற ஒன்றை அவள் அறிந்ததே இல்லை. அவள் அணிந்திருக்கும் உடலோ ராணுவத்தின் 501 என்ற ரகசியப் பிரிவின் சொத்து. அதைப் பழுது பார்க்கவேண்டுமானால் அவர்கள் தயவு வேண்டும். "வேலை வேண்டாம்" என்று ராஜிநாமாக் கடிதத்தை நீட்டினால், கையெழுத்துப் போட்ட கையையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்! அடிமைத்தனத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முதல் பாகத்தின் தொடக்கம் நல்ல துப்பறியும் கதைக்கு உரியது. மேஜரின் மேலதிகாரி கொல்லப்பட்டிருக்கிறார். லஞ்சம் வாங்கியவர் என்ற பழியும் அவர் தலையில் விழுந்திருக்கிறது. அராமகி என்ற கிழவர் கல்லறையைத் தோண்டச் சொல்கிறார். சவப்பெட்டிக்குள் சவம் இல்லை. பெண் பொம்மை உருவத்தில் நடமாடும் கண்ணிவெடி ஒன்று இருக்கிறது! துப்பறிந்துகொண்டே போன மேஜர், கடைசியில் தன் ஞாபகத்திலேயே எவனோ கை வைத்திருப்பதைக் கண்டு திடுக்கிடுகிறாள். துப்பறிகிறவளே தடயமாகிவிடுகிறாள். அந்த இடம் பிரமாதம்.

குரலிலும் ஒரு பொருத்தம் உண்டு. மேஜர் என்றால் அத்சுகோ தனாகாவின் குரல்தான் என்று ஜப்பானிய ரசிகர்கள் பழகிப்போயிருந்தார்கள். (அந்த அம்மையார் 2024-ல் காலமானார்.) முன்கதைக்கு மாயா சகமோட்டோவைப் பேச வைத்தபோது முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் 1995 படத்தின் முடிவிலே, மேஜர் ஒரு சிறுமியின் உடலுக்குள் புகுந்து கண் விழிக்கிறாளே, அந்தச் சிறுமிக்குக் குரல் கொடுத்தவர் இந்தச் சகமோட்டோதான். பழைய கதையின் கடைசிக் குரலே புதிய கதையின் முதல் குரலாயிற்று. இது அழகான முடிச்சு.

குறைகள் இல்லாமல் இல்லை

குறைகளுக்கு வருவோம். கிடைத்த புதையலை வைத்துக்கொண்டு இவர்கள் செய்ததென்ன? முதல் பாகம் முடிவதற்குள்ளேயே மேஜரை 501-லிருந்து விடுவித்துவிட்டார்கள்! நான்கு மணி நேரம் போராடிப் பெறவேண்டிய விடுதலையை ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட்டால் மீதி மூன்று மணி நேரத்துக்கு என்ன செய்வது? புதுப் புது வழக்குகளைக் கொண்டுவர வேண்டியதுதான். அப்படியே கொண்டுவந்தார்கள்.

இரண்டாவது குறை, ஒரே தந்திரத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவது. முதல் பாகத்தில் பொய் ஞாபகம் என்றதும் நாம் திடுக்கிட்டோம். இரண்டாம் பாகத்தில், யுத்தக் குற்றவாளி என்று பழி சுமந்த ஒரு படைத் தலைவரின் கதையிலும் அதே பொய் ஞாபகம். நான்காம் பாகத்தில், காவலர்களின் மூளைக்குள் ஒரு கிருமி புகுந்து ஜனக் கூட்டத்தின் மீது சுடச் செய்கிறது. அதுவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தொப்பியிலிருந்து முயல் வருவதை முதல் தடவை பார்க்கும்போது கை தட்டுகிறோம். மூன்றாம் தடவை தொப்பியை எடுக்கும்போதே, "முயல்தானே?" என்று கேட்கத் தோன்றுகிறது. அதைவிட மோசம், எந்த ஞாபகமும் பொய்யாக இருக்கலாம் என்று ஆனபின் எந்தக் கண்ணீருக்கும் நம் மனம் இளக மறுக்கிறது.

மூன்றாவது, முன்கதைகளுக்கே உரிய வருகைப் பதிவு வியாதி. வருங்கால ஒன்பதாம் பிரிவில் யார் யார் இருக்கவேண்டுமோ, அவர்கள் ஒவ்வொருவராக வந்து, "உள்ளேன்!" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். பாட்டோ எதிர்க் கட்சியில் தோன்றிப் பிறகு தோழனாகிறான். சந்திப்பு இருக்கிறது, சிநேகம் முளைப்பதைத்தான் காணோம். மூன்றாம் பாகத்தில் மேஜருக்கு ஒரு காதலனும் வருகிறான். அவனும் செயற்கை உறுப்போடு சம்பந்தப்பட்டவன். அவள் துப்பறியும் வழக்கிலேயே அவனும் சிக்கியிருக்கிறான். நெஞ்சைப் பிழியவேண்டிய கதை. ஆனால் அதற்கும் அதே ஒரு மணி நேரம்! துப்பாக்கிச் சண்டை போக மிஞ்சிய நிமிஷங்களில்தான் காதலிக்க வேண்டியிருக்கிறது.

ஓஷீயின் பழைய படத்தில் சுமார் மூன்று நிமிஷம் ஒருவரும் பேசுவதில்லை. மழை பெய்கிறது, கால்வாயில் படகு போகிறது, மேஜர் அண்ணாந்து நகரத்தைப் பார்க்கிறாள். கெஞ்சி கவாயின் கோஷ்டி கானம் மட்டும் ஒலிக்கிறது. அந்த மௌனத்தில் நமக்கு அவளுடைய தனிமை புரிந்துவிடுகிறது. 'அரைஸ்' படத்தில் கார்னீலியஸ் அமைத்த மின்னிசை துள்ளலாகவே இருக்கிறது. ஆனால் மூச்சு விட நேரமில்லை. எல்லோரும் பேசிக்கொண்டேயிருக்கிறார்கள். சிக்கலான கதை வேறு, ஆழமான கதை வேறு என்பதை இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

போதாக்குறைக்கு, 2015-ல் இந்த நான்கு பாகங்களையும் வெட்டி, வரிசையை மாற்றி, இரண்டு புதிய அத்தியாயங்களைச் சேர்த்துத் தொலைக்காட்சியில் பத்து அத்தியாயங்களாகக் காட்டினார்கள். ஏற்கெனவே நூல் சிக்கல். அதில் பூனையையும் விளையாட விட்டாற்போல் ஆயிற்று.

கதையல்ல, நிஜம்

ஆயினும், இந்தத் தொடரை நான் தள்ளிவிட மாட்டேன். காரணம், அதே 2015-ல் இதற்கு முடிவாக வந்த முழு நீளப் படம். டைரக்டர் கசுயா நோமுரா. அந்தப் படம் கைவிட்ட புதையலை மறுபடி தேடி எடுக்கிறது. செயற்கை உடல்களில் புதிய ரகம் வந்துவிட்டது. பழைய ரகம் புதியதோடு ஒத்துப்போகாது. பழைய உடலுக்கு இனிப் பராமரிப்பு இல்லை. அந்த உடலுக்குள் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் வந்து நிற்பது ஒரு முட்டுச் சந்து.

இது வெறும் கற்பனை என்று எண்ணிவிடவேண்டாம். பார்வை இழந்த சிலருக்கு மங்கலாகவேனும் ஒளியும் உருவமும் தெரியும்படி, 'ஆர்கஸ் 2' என்ற விழித்திரைக் கருவி அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோருக்கு அதைக் கண்ணுக்குள் பொருத்தினார்கள். 2019-ல் நிறுவனம் அதைக் கைவிட்டது. கருவி பழுதானால் பார்க்க ஆளில்லை என்ற நிலையில் பலர் தவித்ததை 2022-ல் உலகம் அறிந்தது. கடைக்காரர் கடையை மூடிவிட்டார். கண் மட்டும் இவர்களிடம் இருக்கிறது! படம் வெளிவந்து சில ஆண்டுகளுக்குள் அந்த முட்டுச் சந்து நிஜத்திலேயே வந்துவிட்டது.

உடம்புக்குள் கருவி பொருத்திக்கொள்ளும் காலம் இது. இருதயத்துக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று பெருகிக்கொண்டே வருகிறது. நல்லதுதான். அந்தக் கருவி நம்முடையதா, விற்றவனுடையதா என்ற கேள்வியைச் சர்க்காரும் சட்டமும் சாவகாசமாக யோசிக்கட்டும் என்று விட்டுவிடுவதற்கில்லை. பழைய படம், "ஆவி எது?" என்று கேட்டது. முன்கதை, "கூடு யாருடையது?" என்று கேட்கிறது. இரண்டாவது கேள்விதான் நம் வாசற்படிக்கு முதலில் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே என் யோசனை இது. முன்கதை என்ற பெயரை நம்பி 'அரைஸ்' தொடரை முதலில் பார்க்கவேண்டாம்; 1995 படத்தைப் பாருங்கள். பிறகு 'அரைஸ்' முதல் பாகத்தைப் பாருங்கள். நடுவில் உள்ளவற்றைப் பொறுமைக்குத் தக்கபடி பார்த்துவிட்டு, 2015 படத்துக்கு வந்து சேருங்கள். தையல் சரியில்லாத சட்டைதான். ஆனால் அதன் பையில் ஒரு தங்கக் காசு இருக்கிறது. சட்டையைத் தூக்கி எறிவதற்கு முன் பையைத் துழாவிப் பார்ப்பது நல்லது.